அலுங்காத வண்டி

பெண்டாட்டி ஒருவனை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். சோம்பேறி, கஞ்சன், காது கேட்காத ஜென்மம் என்று எதைச் சொன்னாலும் அவன் துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த வேளை சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுவான். என் பக்கத்துக் கடைக் கோட்டத்தை அவர் பெண்டாட்டி திட்டவில்லை. இன்னொருவருடைய சைக்கிளைப் பாராட்டினாள். அதோடு மனிதருக்குத் தூக்கம் போயிற்று.

கோட்டம் என்பது நாங்கள் வைத்த பெயர். நெளிந்துபோன சக்கரத்தைச் சுழலவிட்டு, கம்பி கம்பியாகத் திருகி நேராக்குவதைச் சைக்கிள் கடைகளில் கோட்டம் எடுப்பது என்பார்கள். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் கைபட்ட சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. நிற்கிறதென்று நினைத்து விரலை நீட்டி அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். என்னுடையது சாவி வெட்டும் கடை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் தும்மினால் நான் ‘நூறாயுசு’ என்பேன். அவர் வீடு கடைக்குப் பின்பக்கம் என்பதால், அங்கே பாத்திரம் விழுந்தாலும் எனக்குக் கேட்கும்.

கடைக்கு முன்னால் தொடங்கி மேட்டில் ஏறுகிற தெரு முழுக்கக் கல் பாவியது. எந்தக் காலத்தில் பதித்தார்களோ, ஒரு கல் தூக்கி நிற்கும், ஒரு கல் அமுங்கிக் கிடக்கும், சில இடத்தில் கல்லே இருக்காது. மேட்டின் உச்சியில் தையல் கம்பெனி. கோட்டத்தின் மனைவிக்கு அங்கே சட்டைக் காலர் தைக்கும் வேலை. வருடக்கணக்காகக் குனிந்து தைத்ததில் இடுப்பெலும்பு தேய்ந்துபோய், நடந்தால் பாதி ஏற்றத்தில் கால் மரத்துவிடும். வைத்தியர் பார்த்துவிட்டு, “வேலைக்குப் போங்க, ஆனா உடம்பு அதிர்ற மாதிரி எதுவும் வேண்டாம். இன்னொரு தடவை பிடிச்சுக்கிட்டா படுக்கைதான்” என்று சொல்லியிருந்தார். தைக்கிற வேலை போய்விட்டால், தான் வெறும் ஆள் என்று நினைக்கிறவள் அவள். ஆகவே தினமும் கோட்டம் தன் சைக்கிளில் அவளை வைத்துக் கொண்டுபோய் விடுவார், கூட்டி வருவார்.

அந்தச் சைக்கிளைச் சொல்லியாக வேண்டும். குதிரை மாதிரி உயரம். இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், கட்டைவிரல் அகலத்துக்கு டயர், அதில் கல்லாக இறுகும்வரை காற்று. “டயர்னா தட்டுனா டங்குன்னு சத்தம் வரணும், அப்பதான் வண்டி பறக்கும்” என்பது அவர் வேதம். கடைக்கு வருகிற எல்லோருக்கும் அதையே ஓதுவார். அந்த வண்டி கல் தெருவில் இறங்கும்போது கேரியரில் உட்கார்ந்திருக்கிறவள் பல்லைக் கடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டதில்லை. அவள் சொன்னதும் இல்லை.

ஒரு மழை நாளில் கோட்டம் உதிரிச் சாமான் வாங்க வெளியே போய்விட்டார். திரும்பி வருவதற்குள் அவள் வீட்டுக்கு வந்து, அடுப்பில் உருளைக்கிழங்கை வேகவைத்துவிட்டாள்.

“எப்படி வந்த?”

“தம்பி கொண்டாந்து விட்டாரு.”

தம்பி என்று அவள் சொன்னது தங்கை புருஷனை, அதாவது கோட்டத்தின் சகலையை. சலவைக் கடையில் தேய்த்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். அவர் சைக்கிள் இருபது அங்குலச் சக்கரம், தரையோடு தரையாக இருக்கும். ஆனால் டயர் என் மணிக்கட்டு பருமன். துணி மடிப்பு கலையக்கூடாது என்று காற்றைக் குறைத்தே வைத்திருப்பார்.

“அந்தப் பொம்மை வண்டியிலயா?”

“பொம்மையோ என்னமோ. அந்தக் கல்லு மேலயே வந்தோம். அலுங்கல, குலுங்கல. பாதி வழியில கண்ணை மூடிட்டேன்னா பாத்துக்கோங்க.”

கோட்டம் கடைக்கு வந்தார். பலகைத் தடுப்பின் மேல் அவர் தலை எழுந்தது.

“சாவி, கேட்டியா? கண்ணை மூடிட்டாளாம்.”

“கேட்டுச்சு.”

“அந்தக் குட்டை வண்டியிலயா? சின்ன வீல் எப்படிப் போகும் தெரியுமா உனக்கு? பெரிய வீல் பள்ளத்துக்கு மேலயே தாண்டிப் போயிரும். சின்னது உள்ள எறங்கி, ஆழம் பாத்து, சௌக்கியமான்னு கேட்டுட்டுத்தான் மேல வரும்.”

“அப்புறம் ஏன் அலுங்கல?”

“டயர் கொழுப்பு. குண்டு டயர்ல பாதி காத்து. பம்ப் அடிக்கச் சோம்பல் பட்டவன் பண்ற வேலை. கல்லு வந்தா டயரு அமுங்கி உள்ள வாங்கிக்குது. அது சைக்கிளாடா? மெத்தை!”

“முதுகு வலிக்காரிக்கு மெத்தைதானப்பா வேணும்?”

மறுநாள் டீ வரும்வரை என்னோடு அவர் பேசவில்லை.

ஆனால் விஷயம் உள்ளே இறங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துத் தன் குதிரையின் டயரில் யாருக்கும் தெரியாமல் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். ஊருக்கெல்லாம் டங் என்று ஓதிவிட்டுத் தான் மட்டும் ‘புஸ்’ என்று இறக்குவதற்கு வெட்கம், முதுகைக் காட்டிக்கொண்டு செய்தார். சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார். ஒல்லி டயரில் காற்றைக் குறைத்தால் என்ன ஆகும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? தூக்கி நின்ற ஒரு கல் பட்டதும் டயர் நசுங்கி, ரிம் நேரே ட்யூபைக் கடித்துவிட்டது. சைக்கிள் கடைக்காரர், பெண்டாட்டி பக்கத்தில் நொண்டிக்கொண்டு வர, காற்றுப் போன வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். டீக்கடை வாசலில் ஒருவன், “அண்ணே, பக்கத்துல ஒரு நல்ல சைக்கிள் கடை இருக்கு, காட்டட்டுமா?” என்றான். அந்த நேரம் பார்த்துச் சகலை துணி மூட்டையை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வந்து நின்றார்.

“அக்கா, நீங்க ஏன் நடக்கறீங்க? ஏறுங்க. அண்ணன் பஞ்சர் ஒட்டிட்டு வரட்டும்.”

அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் டயரைப் பார்த்தார். அவள் ஏறிக்கொண்டாள்.

அன்று முதல் சகலைதான் கொண்டுபோய் விடுவது, கூட்டி வருவது. அவருக்கும் அதே மேட்டில் துணி போடுகிற வீடுகள் இருந்தன, சிரமமே இல்லை. அவளுக்கு முகம் தெளிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போகிறவள், நிமிர்ந்து போனாள். ஒருநாள் வாசலில் நின்று என்னோடு பேச்சுக்கூடக் கொடுத்தாள்.

“அண்ணே, ராத்திரி புரண்டு படுக்க முடியுது. அதுவே பெரிய சொத்து மாதிரி இருக்கு.”

பலகைக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர் நின்றது.

சகலை நல்ல மனிதர். நல்லவர்மேல் பொறாமைப்படுவதைப் போல அவஸ்தை வேறு கிடையாது. திட்டுவதற்கு ஒரு காரணம்கூட அகப்படாது. அவர்கள் இரண்டு பேர் நடுவிலும் ஒரு தப்பும் இல்லை என்பது கோட்டத்துக்கும் தெரியும். தெரிந்து என்ன? சாயங்காலமானால் கம்பியைத் திருகிக்கொண்டே தெருமேல் காது வைத்திருப்பார். இறக்கத்தில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டுவிட்டால் போதும், நேரான சக்கரத்தை நெளித்துவிடுவார்.

“என்ன அப்படி ஒரு சிரிப்பு வழியெல்லாம்?”

“தங்கச்சி வீட்டு மாடிப்படிக்குக் கீழ பூனை குட்டி போட்டிருக்காம். தம்பியோட செருப்புக்குள்ள ஒரு குட்டி தூங்குதாம்.”

“அதுக்கா சிரிப்பு?”

“வேற எதுக்குச் சிரிக்கணும்?”

“என் வண்டியில வந்தப்ப நீ ஒரு நாளும் சிரிச்சதில்லையே.”

அவள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “உங்க வண்டியில வாயைத் திறந்தா நாக்கைக் கடிச்சுக்குவேன். எப்படிச் சிரிக்கறது?”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். இந்தப் பக்கம் நானே சிரித்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளை மேட்டில் இறக்கிவிட்டு வந்த சகலை, பின்சக்கரத்தில் ஒரு கம்பி முறிந்துவிட்டது என்று வண்டியைக் கடையில் விட்டார். “நடந்தே நாலு வீட்டுக்குத் துணி போட்டுட்டு வந்துடறேண்ணே. அவசரமில்ல.” கோட்டம் அன்று செய்த வேலையை நான் தடுப்பின் மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முறிந்த கம்பியை மாற்றினார். இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்தார். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்து எண்ணெய் விட்டார். சேறெல்லாம் கழுவினார். அப்புறம் பம்பை எடுத்தார்.

அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். எனக்கே காதில் விழுந்து அலுத்துவிட்டது.

“யப்பா, வெடிச்சுத் தொலையப் போகுது.”

“சகலைக்குச் செய்யறதைக் குறைவாச் செய்யலாமா?” என்று டயரைத் தட்டினார். டங் என்றது. அவர் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சகலை வந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரிக் குதித்தார். கடைவாசல் தரை வழவழப்பான சிமெண்ட். “அண்ணே, வண்டி பறக்குதுண்ணே! மிதிக்கவே வேண்டாம் போல. காசு எவ்வளவுண்ணே?”

“சொந்தத்துல என்ன காசு? போ, நேரமாச்சு, அவ காத்திருப்பா.”

சாயங்காலம் தூறல். வானம் மூடிக் கிடந்தது, நனைந்த தெருக் கற்கள் எல்லாம் ஒரே பளபளப்பு. கல்லில்லாத பள்ளங்களில் தண்ணீர் நின்றதால் எது கல், எது குழி என்று தெரியவில்லை. சகலையின் வண்டி மேட்டிலிருந்து வருவது சத்தத்திலேயே தெரிந்தது. முன்பெல்லாம் அது சத்தமில்லாமல் வரும். அன்று தகரப் பெட்டியை உருட்டிவிட்டது போல வந்தது. குட்டைச் சக்கரம் தண்ணீர்க் குழிக்குள் முழுசாக இறங்கியது. அமுங்கிக் கொடுக்க டயரில் இடமில்லை. கேரியரை விட்டு ஒரு சாண் எழும்பிய அவள், அப்படியே இரும்பின் மேல் வந்து உட்கார்ந்தாள்.

“ஐயோ” என்றுதான் சொன்னாள். அதற்குமேல் அவளால் சத்தம் போட முடியவில்லை.

நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் கேரியரைப் பிடித்தபடி பாதி நின்று பாதி உட்கார்ந்து, உதடு வெளுத்துப் போயிருந்தாள். கோட்டம் கடைவாசலில் பம்புக்குப் பக்கத்தில் நின்றார். நானும் சகலையும் அவளை நாற்காலியோடு தூக்கினோம். தூக்குவதற்கு முன்னால் அவள் கையை நீட்டி அந்தப் பின் டயரை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். சைக்கிள் கடைக்காரர் பெண்டாட்டி அல்லவா.

சகலை அழுதேவிட்டார். “என் தப்புக்கா. அண்ணன் வண்டியைப் புதுசு மாதிரி பண்ணிக் குடுத்தாரு. நான்தான் திமிர்ல வேகமா எறக்கிட்டேன். அண்ணே, என்னைச் செருப்பால அடிங்கண்ணே.”

கோட்டம் யாரையும் அடிக்கவில்லை.

வைத்தியர் வந்து ஊசி போட்டு, பலகைமேல் படுக்க வைத்து, எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். சகலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் வெந்நீர்ப் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கதவருகிலேயே நின்றுவிட்டேன். உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள். கத்தவில்லை.

“தம்பி வீட்டுல பம்பே கிடையாது. அந்த மாதிரி அடிக்கிற கை இந்த ஊர்ல ஒண்ணுதான்.”

“நல்லதுக்குத்தான் அடிச்சேன். டயரு நிறைய இருந்தா வண்டிக்கு நல்லதுன்னு...”

“வேண்டாம். படுத்துக் கிடக்கிறவகிட்ட பொய் சொல்லாதீங்க.”

“ஒரே ஒரு தடவை,” என்றார் கோட்டம், “ஒரே ஒரு தடவை அந்த வண்டியும் தூக்கிப் போடுதுன்னு உன் வாயால வரணும்னு இருந்துச்சு. இவ்வளவு ஆகும்னு நெனைக்கல.”

“அவரு பின்னாடி நான் உக்காந்து வர்றது உங்களுக்குப் பொறுக்கலைன்னா, சொல்லியிருக்கலாம். அன்னிக்கே எறங்கியிருப்பேன். அது இல்ல. நான் வலியில்லாம வந்தது உங்களுக்குப் பொறுக்கல.”

“ஆமா” என்றார் அவர்.

வெந்நீர்ப் பையை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த ‘ஆமா’வைக் கேட்ட பிறகு உள்ளே போக எனக்கு முகமில்லை.

அவள் படுக்கையில் கிடந்த நாட்களில் கோட்டம்தான் சமைத்தார். கிழங்கு வெந்தால் உப்பு இருக்காது, உப்பு இருந்தால் வெந்திருக்காது. அவள் அதையே சாப்பிட்டாள். சகலை தினமும் வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து, வாசலில் நின்று, “அக்கா, இன்னிக்குப் பரவாயில்லையா?” என்று கேட்டுவிட்டுப் போவார். நடந்ததை அவரிடம் அவள் மூச்சு விடவில்லை. அவரும் தன் தப்பென்றே நினைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொரு தடவை மன்னிப்புக் கேட்கும்போதும் கோட்டத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். வெந்த புண்ணில் வேல் என்பார்களே, அந்த வேலைக் கொண்டுவந்து கொடுப்பவர் கையில் ரொட்டியும் இருந்தது.

அப்புறம் ஒருநாள் கோட்டம் தன் குதிரையைப் பிரித்துப் போட்டார்.

“என்னப்பா பண்ற?”

“பெரிய வீலும் வேணும், குண்டு டயரும் வேணும். ரெண்டும் ஒரே வண்டியில இருந்தா பள்ளத்துல எறங்காது, கல்லுலயும் தூக்கிப் போடாது.”

சொல்வது சுலபம். சக்கரத்தைப் பிடித்திருக்கிற அந்த ஒல்லிக் கவைக்குள் குண்டு டயர் நுழையவில்லை. பழைய இரும்புக் கடையில் அலைந்து அகலமான முன்கவை ஒன்றைப் பிடித்து வந்தார். பின்பக்கக் குழாயை விரித்துப் பற்றவைத்தார். ரிம் அளவை இரண்டு அங்குலம் குறைத்துக்கொண்டார். அதன்மேல் குண்டு டயர் ஏறியதும் மொத்த உயரம் பழைய உயரத்துக்கே வந்துவிட்டது. மட்கார்டு உரசியது, கழற்றி எறிந்தார். பிரேக் எட்டவில்லை, வேறு மாட்டினார். பிறகு சோதனைக்கு ஆள் வேண்டுமே. கேரியரில் என்னை உட்கார வைத்தார்.

“உன் எடைதான் சரியா இருக்கும்.”

“என் முதுகு என்ன ஊருக்கு நேர்ந்து விட்டதா?”

மேட்டில் ஏறுவோம், இறங்குவோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காற்றை இறக்குவார். “இப்ப?” “இடுப்புல படுது.” மறுபடி. “இப்ப?” “பரவாயில்ல.” மறுபடி. ஒரு கட்டத்தில் கல் தெரு எனக்குக் காலடியில் இருப்பதே மறந்துவிட்டது. ரிம்மில் இடிக்கிற அளவுக்கு இறக்காமல், அதற்குச் சற்று மேலே நிறுத்தினார். இன்னொரு விஷயமும் தெரிந்தது. அதே மிதிக்கு, அந்தக் கல் தெருவில் வண்டி மெதுவாகவும் போகவில்லை. இறுகின டயர் கல்லுக்குக் கல் குதித்ததில்தான் ஓட்டமே வீணாகிக்கொண்டிருந்தது.

இறங்கியதும் அவர் டயரைத் தட்டினார். டங் என்று வரவில்லை, தப் என்றது.

“இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் தப்பாச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன், சாவி. அவளையும் இந்தக் கல்லுல போட்டு இடிச்சிருக்கேன்.”

அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

வைத்தியர் எழுந்து நடக்கச் சொன்னார். கம்பெனியிலும் அவள் இடத்தைக் காலியாகத்தான் வைத்திருந்தார்கள். அவள் வேலைக்குப் போகிற முதல் நாள் காலை கோட்டம் கேரியரில் பழைய கம்பளியை மடித்துக் கட்டி, கடைவாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சவரம் செய்திருந்தார். சகலையிடம் முந்தின நாளே “நாளைக்கு நீ வர வேண்டாம், நான் பாத்துக்கறேன்” என்று சொல்லியாகிவிட்டது. அவள் வந்தாள், வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

“நல்லா இருக்கே” என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கே அவர் முகம் பூரித்துப்போனது. ஏற்றம் என்பதால் நான் பின்னால் ஒரு கை கொடுத்துத் தள்ளிக்கொண்டே நடந்தேன். கல் தொடங்கியது. வண்டி தண்ணீரில் போவது போலப் போயிற்று. அவள் தன் கையை அவர் இடுப்பில் வைத்தாள். நான் பார்த்தேன்.

“அலுங்குதா?”

“இல்ல.”

“வலிக்குதா?”

“இல்லங்க. ஒண்ணுமே தெரியல.”

அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம் அந்த மனிதர். நாலு மிதி பேசாமல் மிதித்தார். அப்புறம் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“அவரு வண்டியை விட?”

அவள் கை இடுப்பிலிருந்து இறங்கிவிட்டது.

“நிறுத்துங்க.”

“ஏன், என்ன ஆச்சு? காத்து இன்னும் கொஞ்சம்...”

“நிறுத்துங்க.”

பிரேக் பிடித்தார். அவள் கேரியரைப் பிடித்து மெல்ல இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“வண்டியில ஒரு குறையும் இல்ல. நான் ஒருத்திதான் ஏறியிருக்கேன்னு நெனச்சேன். நீங்க அவரையும் சேத்து ஏத்திட்டு வந்திருக்கீங்க.”

சொல்லிவிட்டு நடந்தாள். கல்லுக்குக் கல் பார்த்துக் காலை வைத்து, ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு நடந்தாள். கோட்டம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனார். வெறும் கேரியரோடு அந்த வண்டி சத்தமே இல்லாமல் உருண்டது. பாதி ஏற்றத்தில் அவள் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவரும் பக்கத்தில் போய் நின்றார். ஏறு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் மறுபடியும் நடந்தாள்.